பவர் டிரிம் அவுட்போர்டு: நம்ம கடலுக்கு வாங்கலாமா?

படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்தான் அவுட்போர்டு. அதன் சாய்வுக் கோணத்தை ஓடும்போதே பட்டனால் மாற்றும் வசதி பவர் டிரிம். நாட்டுப்படகில் மாட்டும் 9.9 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இது வேண்டாம். அந்தப் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டுதான் போகும், மேலே எழும்பி ஓடாது. 40 குதிரைக்கு மேல் மாட்டி, ஃபைபர் படகு எழும்பி ஓட ஆரம்பித்தால் கதை வேறு. கூடுதல் காசு எதற்காவது போடுவதென்றால் முதலில் இதற்குப் போடுங்கள். பாட்டுப் பெட்டியெல்லாம் அப்புறம்.

சாதா எஞ்சினில் கோணத்தை மாற்ற எஞ்சினை அணைத்து, தூக்கி, பிராக்கெட்டில் இருக்கும் பின்னை வேறு ஓட்டையில் செருக வேண்டும். நடுக்கடலில் அதை யாரும் செய்வதில்லை. பவர் டிரிமில் 12 வோல்ட் மோட்டார் ஹைட்ராலிக் பம்பைச் சுற்றும். த்ராட்டில் (வேகம் கூட்டும்) பிடியில் உள்ள பட்டனில் கட்டைவிரல் பட்டாலே எஞ்சின் அசையும். சுமார் 20 பாகை வரை டிரிம், அதற்கு மேலே தூக்குவது டில்ட்.

கிளம்பும்போது எஞ்சினை முழுக்கக் கீழே இறக்கிவிடுங்கள். அணியம் (படகின் முன்பக்கம்) அதிகம் தூக்காமல் படகு சீக்கிரம் மேலே வந்துவிடும். பிறகு த்ராட்டிலைத் தொடாமல், அரை நொடி அழுத்தி மேலே. இரண்டு மூன்று நொடி பொறுத்து இன்னொரு தட்டு. ஆர்.பி.எம். (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறும், ஜி.பி.எஸ்.ஸில் வேகமும் கூடும், ஸ்டீயரிங் லேசாகும். ஆர்.பி.எம். மட்டும் எகிறி வேகம் கூடவில்லையென்றால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது. அணியம் எம்பி எம்பி விழுந்தாலும் மேலே போனது அதிகம். இரண்டுக்கும் ஒரே மருந்து: ஒரு தட்டு கீழே. வளைத்துத் திருப்பும் முன்பும் அப்படியே.

நம்ம ராமநாதபுரம் கரையில் இதன் அருமை தெரிவது காற்று மாறும்போதுதான். வாடைக் காலத்தில் வடகடலில் (பாக் விரிகுடா) அலை குட்டையாக, நெருக்கமாக வரும். அதை எதிர்த்துப் போகும்போது கொஞ்சம் கீழே இறக்கினால் அணியத்தின் கூர்ப்பகுதி அலையை வெட்டும், முதுகெலும்பு பிழைக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கையில் தென்கடலிலிருந்து (மன்னார் வளைகுடா) கரை திரும்பினால் அலை பின்னாலிருந்து தள்ளும். அப்போது மேலே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் அணியம் முன் அலையில் குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். பாம்பன் கால்வாயில் நீரோட்டம் இழுக்கும் இடத்தில் டிரிமை நடு அளவில் வைப்பதே நல்லது.

ஆட்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து படகு சாய்ந்தால் டிரிம் அதை நிமிர்த்தாது. ஆளை மாற்றி உட்கார வைப்பதுதான் வழி.

தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் ஆழம் குறைந்த இடங்களில் எஞ்சினைத் தூக்கி மெதுவாக ஓட்டலாம். குளிர்விக்கும் நீர் உறிஞ்சும் துளைகள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். பின்னால் நீர் பீச்சுவது நின்றால் உடனே அணையுங்கள், கடல்தாழை அடைத்திருக்கும். டிரிம் எல்லையைத் தாண்டித் தூக்கிய நிலையில் த்ராட்டில் கொடுக்கக் கூடாது. அங்கே எஞ்சினைத் தாங்குவது டில்ட் சிலிண்டர் மட்டும்தான்.

இதன் எதிரி உப்புதான். படகைக் கட்டிப்போடும்போது எஞ்சினைத் தூக்கி, தாங்கு லீவரைப் போட்டபின், டிரிமைக் கீழே அழுத்தி அதன் தண்டுகளை உள்ளே இழுத்துவிடுங்கள். வெளியே நீட்டியபடி விட்டால் தண்டு அரித்து, கொட்டலசு (பார்னகிள்) ஒட்டி, அடுத்த இயக்கத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் 'சீல்' கிழியும். பிராக்கெட்டின் அடியில் இருக்கும் அனோடுக்கு (எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி) பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது. நம்ம ஊரில் எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் அதையும் சேர்த்தே அடித்துவிடுகிறார்கள்!

அழுத்தினால் 'டிக்' சத்தம் வந்தும் எஞ்சின் நகரவில்லையா? பேட்டரி முனை, வயர் இணைப்பு, மோட்டாரின் கார்பன் பிரஷ் என்ற வரிசையில் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ் அல்லது ஸ்விட்ச். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் பெரும்பாலும் ரிலே (மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்). கடலில் நின்றுபோனால் பிராக்கெட் பக்கத் துளை வழியாகத் தெரியும் ரிலீஸ் திருகை இடப்பக்கம் திருப்பி, கையால் தூக்கலாம். அதைத் திரும்ப இறுக்க மறந்தால் தூக்கிய எஞ்சின் இரவோடு இரவாக இறங்கும்.

டிரிம் பம்பின் எண்ணெய் மூடியை, எஞ்சினை முழுக்கத் தூக்கித் தாங்கு லீவரைப் போட்ட பிறகே திறக்க வேண்டும். துளையின் விளிம்பு வரை எண்ணெய் நிற்கணும். எந்த எண்ணெய் என்பது கையேட்டில் இருக்கும், பல எஞ்சின்களுக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்) தான். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் இந்த மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.