நானூறு ரூபாய் டார்ச் செட்: டார்ச் போதும், செல்லும் சார்ஜரும் வேண்டாம்

தைப்பூசத்துக்குப் பழநி நடைப்பயணம் நெருங்கும்போது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வாசல்களில் ஒரே மாதிரி டார்ச் செட் தொங்க ஆரம்பித்துவிடும். அலுமினிய உடல், இழுத்தால் வெளிச்சத்தைக் குவிக்கும் ஜூம் லென்ஸ், பின்முனையில் ரப்பர் மூடிய சுவிட்சு. கூடவே 18650 என்கிற, சார்ஜ் செய்யக்கூடிய ஒரு லித்தியம் செல், சுவரில் நேராகச் செருகும் சின்ன சார்ஜர். விலை நானூறு ரூபாயைச் சுற்றி. ராத்திரி நடக்கிறவர்கள் மட்டுமில்லை, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் காவல் பார்க்கிறவர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள்.

டார்ச் கொடுத்த காசுக்குத் தகும். வெளிச்சம் வரப்பைத் தாண்டி அடுத்த வயல் வரை தெளிவாகப் போகிறது. பாம்பு கிடந்தால் தெரியும். மரையில் கொஞ்சம் மணல் புகுந்தால் நறநறக்கும், துடைத்து லேசாகக் கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும். மழையில் நனைய விடக்கூடாது. டார்ச்சைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எச்சரிக்கை எல்லாம் செல்லுக்கும் சார்ஜருக்கும்தான்.

செல்லின் மேல் 9800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, கொள்ளளவின் அளவு) என்று போட்டிருக்கும், சிலவற்றில் 12000 என்றுகூட. 18650 என்றால் 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம், கடைசிச் சுழி உருளை வடிவத்துக்கு. அந்த உருளைக்குள் நல்ல கம்பெனிகள் அடக்குவது பெரும்பாலும் 2500 முதல் 3500 எம்ஏஎச் வரைதான். சாம்சங் 25ஆர் 2500, எல்ஜி எச்ஜி2 3000, பானசோனிக் என்சிஆர்18650பி ஏறக்குறைய 3400. ஆகவே 9800 என்று அச்சடித்ததைப் பார்த்ததுமே அது பொய் என்று முடிவு கட்டலாம், சோதிக்கவே வேண்டாம். ஆனாலும் உறுதி செய்ய நினைத்தால் எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். உண்மையான செல் 44 முதல் 49 கிராம் இருக்கும். 30, 35 கிராம் காட்டினால் உள்ளே இருப்பது குறைச்சல். இன்னொரு கணக்கும் உண்டு. செட்டோடு வரும் சார்ஜர் 450 மில்லி ஆம்பியர் கொடுக்கிறது என்று வையுங்கள். காலியான செல்லைப் போட்டு மூன்று மணி நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தால் செல்லுக்குள் போனது 1350 எம்ஏஎச். அவ்வளவுதான் அதன் கொள்ளளவு.

கொள்ளளவு குறைந்தால் வெளிச்சம் சீக்கிரம் மங்கும், அவ்வளவே. பயப்பட வேண்டியது வேறு. இப்படி வரும் செல்களில் பல பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவி எடுத்துப் புது உறை போட்டவை. அந்த உறையும் மட்டம். 18650 செல்லைக் கையில் எடுத்தால் மேல் முனை பாசிட்டிவ், அடிப்பக்கம் நெகட்டிவ் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நிஜத்தில் அடி மட்டுமில்லை, பக்கச் சுவர் முழுவதும், மேல் முனையைச் சுற்றி மடங்கும் விளிம்பு வரை எல்லாமே நெகட்டிவ். பாசிட்டிவுக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அதன் மேல் ஒரு காகித வளையம், அதற்கும் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை. மலிவான செல்லில் அந்த வளையமே இருப்பதில்லை. டார்ச்சின் ஸ்பிரிங் கொஞ்சம் சாய்ந்து உறையைக் கிழித்து விளிம்பைத் தொட்டால் நேராக ஷார்ட். பையில் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் உதிரிச் செல்லைப் போட்டுக்கொண்டு நடந்தாலும் இதேதான் நடக்கும். நல்ல செல்லாக இருந்தாலும் பல பத்து ஆம்பியர் பாயும். சாவி சிவக்கச் சூடாகும், வேட்டி பற்றிக்கொள்ளும்.

வெளிநாடுகளில் மெக்கானிக்கல் வேப் என்கிற புகைக் கருவி வெடித்து வாயும் முகமும் சிதைந்தவர்களின் கதைக்கும் காரணம் இதே செல்தான். உலோகக் குழாய், ஒரு செல், ஒரு பித்தளைச் சுவிட்சு. நடுவே காவலுக்கு எந்தச் சர்க்யூட்டும் கிடையாது. 4.2 வோல்ட் செல்லோடு 0.1 ஓம் சுருளை மாட்டினால் 42 ஆம்பியர் இழுக்கும். நல்ல செல்லே தொடர்ந்து தாங்குவது 20 ஆம்பியர். காற்றுத் துளை இல்லாத குழாய்க்குள் செல் வாயுவைக் கக்கினால் போக வழியில்லாமல் குழாயே வெடிக்கும். இந்தியாவில் 2019 சட்டப்படி மின் சிகரெட்டுக்கு முழுத் தடை. அந்தக் கருவியை யாரும் விற்கவும் கூடாது. ஆனால் நம் டார்ச்சும் அமைப்பில் அதற்குத் தம்பிதான்: மூடிய உலோகக் குழாய், உள்ளே காவலில்லாத செல். ஆறுதல் ஒன்று உண்டு. எல்இடி இழுப்பது ஒன்றிரண்டு ஆம்பியர்தான். அதனால் டார்ச்சில் ஆபத்து சுமையால் வருவதில்லை. ஷார்ட்டாலும், அதிக சார்ஜாலும், அடியோடு வற்றிப்போவதாலும்தான் வரும்.

அதிக சார்ஜ் என்பது சார்ஜர் செய்கிற வேலை. லித்தியம் அயான் செல்லுக்கு முதலில் நிலையான ஆம்பியர், 4.20 வோல்ட் எட்டியதும் வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் முற்றிலும் நிறுத்த வேண்டும். செட்டோடு வரும் சார்ஜர்களில் சில பச்சை விளக்கை எரியவிட்டுவிட்டு உள்ளே மின்சாரத்தைத் தொடர்ந்து விடுகின்றன. கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பச்சை வந்ததும் செல்லின் இரு முனையில் வைத்துப் பாருங்கள். செல்லைச் சார்ஜரிலேயே விட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 4.15 முதல் 4.20 வரை நின்றால் சரி. 4.25-ஐத் தாண்டினாலோ ஏறிக்கொண்டே போனாலோ அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள். சோதனை முடியும்வரை கூடவே இருங்கள், ராத்திரி செருகிவிட்டுத் தூங்க வேண்டாம். இன்னொரு கோளாறு: 230 வோல்ட் பக்கத்துக்கும் செல் பக்கத்துக்கும் சரியான பிரிப்பு இல்லாத சார்ஜரில், செருகியிருக்கும்போது செல்லைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். எடுக்கும்போதும் போடும்போதும் முதலில் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

சார்ஜர் வாங்க காசு போட மனமில்லை என்றால் டிபி4056 என்கிற, செல்லைச் சார்ஜ் செய்யும் சின்னத் தகடு ரேடியோ, மொபைல் ரிப்பேர்க் கடைகளில் கிடைக்கும். அதிலேயே இரண்டு வகை. வெளியே நான்கு முனையுள்ள வகைதான் வேண்டும். பி பிளஸ், பி மைனஸ், அவுட் பிளஸ், அவுட் மைனஸ் என்று போட்டிருக்கும். இரண்டு முனை மட்டும் உள்ளதில் பாதுகாப்புச் சிப் கிடையாது. வந்த நிலையில் இந்தத் தகடு 1 ஆம்பியர் கொடுக்கும். 2500 எம்ஏஎச்சுக்கு அது தாராளம். செல்லுக்கு நேராகச் சால்டர் வைக்கக்கூடாது, சூடு உள்ளே போய்க் கெடுத்துவிடும். ஸ்பிரிங் வைத்த ஹோல்டரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

வற்றிப்போவது சத்தமில்லாத ஆபத்து. அறுவடை முடிந்ததும் டார்ச்சைப் பரணில் போட்டுவிட்டு அடுத்த போகத்துக்கு எடுப்பவர்கள் அதிகம். தொட்டால் எரியும் மென்மையான பட்டன் உள்ள நெற்றி விளக்குகளில் அணைத்திருந்தாலும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல்லுக்கு நல்லதில்லை. 2 வோல்ட்டுக்கும் கீழே கிடந்தால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். அப்படிக் கிடந்த செல்லை மறுபடி சார்ஜ் செய்தால் கரைந்த செம்பு படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். அது கைவிட வேண்டிய செல், உயிர் கொடுத்துப் பார்க்க வேண்டாம். எடுத்து வைக்கும்போது செல்லைக் கழற்றி, பாதிச் சார்ஜில், அதாவது 3.6, 3.7 வோல்ட்டில், பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். இரண்டு செல் போடும் டார்ச்சாக இருந்தால் ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை இரண்டையும் எப்போதும் ஜோடியாகவே பயன்படுத்துங்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று போட்டால் பழசு முதலில் வற்றும்; மற்றது அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சார்ஜ் செய்ய உச்ச வரம்பு 45 டிகிரி. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள்ளும் நிறுத்திய காருக்குள்ளும் அது சுலபமாகத் தாண்டும். விடிகாலையில் சார்ஜ் போடுவது நல்லது. பழைய வீட்டு வளவில் நிழலான தளத்தின் மேல் வைத்தால் இன்னும் நல்லது. மெத்தை, பாய், மரப்பெட்டி மேல் வேண்டாம்.

செல்லை மட்டும் தனியாக வாங்குங்கள். டார்ச்சுக்கு அதிக ஆம்பியர் தேவையில்லை என்பதால், அடியில் பாதுகாப்புத் தகடு வைத்த செல்லே சிறந்தது. அது 68 முதல் 70 மி.மீ. நீளம் இருக்கும். வாங்குமுன் டார்ச்சில் போட்டு மூடிப் பாருங்கள். கடைசிச் சுற்றில் இறுக்கி நசுக்கினால் அந்தத் தகடே உடையும். பொட்டு வைத்த மேல் முனை வேண்டுமா, தட்டையானது போதுமா என்பதும் டார்ச்சைப் பொறுத்தது. உறையில் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த, 1953-ல் திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இருக்கிற ஊர் காரைக்குடி. லித்தியம் பேட்டரி அங்கே நடக்கும் பெரிய ஆய்வுகளில் ஒன்று. அந்த ஊரில் 9800 என்று அச்சடித்த செல் கூச்சமில்லாமல் விற்பது பொறுக்க முடியாத விஷயம். கடைக்காரர்களைக் கேளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் நல்ல செல்லை வரவழைப்பார்கள்.

உறை கிழிந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. சுருங்கும் பிவிசி உறை தனியாகக் கிடைக்கும். தட்டையாக வைத்தால் ஏறக்குறைய 30 மி.மீ. அகலம், 72 மி.மீ. நீளம் போதும். முதலில் மேல் முனையில் காகித வளையம், அதன் மேல் உறை, பிறகு தலை உலர்த்தும் கருவியின் சூடு. மெழுகுவத்தி, தீக்குச்சி கூடாது. நசுங்கிய செல்லுக்கும், இனிப்பு கலந்த மருந்து வாடை அடிக்கும் செல்லுக்கும் புது உறை போட்டுப் பயனில்லை.

சும்மா வைத்திருக்கும்போதே ஒரு செல் சுட ஆரம்பித்தாலோ, உஸ் என்று சத்தம் வந்தாலோ டார்ச்சைத் திறக்க முயலாதீர்கள். வெளியே வெட்டவெளியில் வீசிவிட்டு விலகுங்கள். அந்தப் புகை நஞ்சு. தீப்பிடித்தால் தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், செல் குளிர்வதுதான் முக்கியம். உபயோகம் முடிந்த செல்லின் இரு முனையிலும் டேப் ஒட்டி, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டால் குப்பை வண்டியில் நசுங்கி அங்கே பற்றிக்கொள்ளும்.