ஆஸ்டரிஸ்க்: வசதி இல்லாதவர் எழுதிய தொலைபேசி இணைப்பகம்

சிறு அலுவலகங்களுக்குத் தொலைபேசி அமைத்துக் கொடுப்பது என் தொழில். அழைப்புகளை அலுவலகத்துக்குள் பிரித்தனுப்பும் இணைப்பகமாக (பிபிஎக்ஸ்) எதைப் போடலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் ஆஸ்டரிஸ்க். அது பிறந்த விதமே அதற்குப் பாதிச் சிபாரிசு.

1999-ல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர், லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கு உதவும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வரும் அழைப்புகளைப் பிரித்தனுப்ப இணைப்பகம் வேண்டும், வாங்கக் கட்டுப்படியாகவில்லை. மென்பொருளாகத் தானே எழுதினார், மூல நிரலோடு எல்லோருக்கும் கொடுத்தும்விட்டார். அன்று தொலைபேசிக் கம்பியைக் கணினியில் செருக, சிறப்புச் சில்லுகள் பதித்த விலையுயர்ந்த அட்டைகள் தேவைப்பட்டன. அந்தச் சுமையைக் கணினியின் செயலியே தாங்கும் என்று காட்டி அட்டையை எளிமையாக்கியவர் ஜிம் டிக்சன். இருவர் உழைப்பும் சேர்ந்ததும் சாதாரண மேசைக் கணினியே இணைப்பகமாகிவிட்டது. ஸ்பென்சரின் நிறுவனம் டிஜியம் என்று பெயர் மாற்றி, அட்டைகள் விற்று வளர்ந்தது. 2018-ல் கனடாவின் சங்கோமா நிறுவனம் அதை வாங்கியது. மென்பொருள் இன்றும் இலவசம்தான்.

குரலஞ்சல், அழைப்பு வரிசை, 'விற்பனைப் பிரிவுக்கு எண் ஒன்றை அழுத்தவும்' என்கிற அறிவிப்பு ஆகிய எல்லாம் இதில் உள்ளடக்கம். ஒவ்வொரு வசதிக்கும் தனி உரிமம் கேட்கும் பெட்டிகளோடு மல்லாடியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மாலையில் கடை மூடியதும் அழைப்பு உரிமையாளரின் கைபேசிக்குப் போக வேண்டுமா? விதிகளில் சில வரிகள் எழுதினால் போதும். வியாபாரம் எப்படி நடக்கிறதோ அப்படியே தொலைபேசியும் நடந்துகொள்ளும். எனக்கு இதில் மிகப் பிடித்தது இதுதான்.

ஆனால் அந்த வரிகளை எழுதப் பழக வேண்டும். உரைக் கோப்பில் விதி எழுதத் தயங்குபவர்கள் ஆஸ்டரிஸ்க்கைத் திரையிலேயே அமைக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற மென்பொருளைச் சேர்த்துக்கொள்ளலாம். உலாவியிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். லினக்ஸைப் பராமரிக்க ஆளே இல்லாத அலுவலகத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. அவர்களுக்கு வேறொரு நிறுவனம் இணையம் வழியாக நடத்தித் தரும் மாதக் கட்டண மேகச் சேவைதான் பொருந்தும்.

அமைப்பவர்கள் தயவுசெய்து ஒன்றில் அலட்சியம் காட்டாதீர்கள். அலுவலகத் தொலைபேசி ஒவ்வொன்றுக்கும் தரும் நீட்டிப்பு எண்ணையே (எக்ஸ்டென்ஷன்) அதன் கடவுச்சொல்லாக வைத்து இணையத்தில் திறந்துவிட்டால், எவரோ உங்கள் கணக்கில் வெளிநாட்டு அழைப்புகளைப் போட்டுத் தள்ளுவார்கள். நீண்ட கடவுச்சொல், இணையத்திலிருந்து வரும் அத்துமீறலைத் தடுக்கும் தீச்சுவர், தேவையில்லாத வெளிநாட்டு அழைப்புக்குத் தடை ஆகிய மூன்றையும் முதல் நாளே செய்துவிடுங்கள்.