ஜாக்கிக்குக் குறை இல்லை, பின்னுக்குத்தான்

ஆத்தூர் நண்பர் நேற்று போன் போட்டார். "சென்ட்ரிங் ஜாக்கி சொந்தமா வாங்கிரலாமாங்க, வாடகைக்கே எடுத்துக்கலாமா?" கூரைக் கான்கிரீட் இறுகும்வரை அதன் அடியிலுள்ள பிளைவுட்டைத் தாங்கி நிற்கும் இரும்புக் குழாய் முட்டுதான் இந்த ஜாக்கி; ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். ஏற்காட்டில் ஒரு பள்ளிக் கட்டட வேலைக்காக நான் 200 ஜாக்கி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. போனில் பாதிதான் சொன்னேன்.

வாங்க வைத்தது குளிர். நாலரை மீட்டருக்கு மேல் ஸ்பான் (தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரம்) உள்ள ஸ்லாபுக்கு, அதாவது கான்கிரீட் கூரைக்கு, 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. அந்தக் கணக்கு 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு. ஏற்காட்டில் மார்கழி ராத்திரிக்கு அது தெரியுமா? குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். 21 நாள் ஆகாமல் கை வைக்கக் கூடாது என்றுவிட்டார் இன்ஜினியர். அத்தனை நாள் வாடகை கட்டினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கீழே சேலத்தில் வேலை என்றால் வாங்கியிருக்கவே மாட்டேன்.

ஜாக்கி அருமை. சவுக்குக் கம்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆப்பு அடித்து, மட்டம் பார்த்து, மறுபடி அடிக்க வேண்டும். இதில் நூல் கட்டிவிட்டு மரையைத் திருகினால் போதும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் லாரியில் உருண்டு போய் வந்தும் ஒரு குழாய்கூட நசுங்கவில்லை.

ஆனால் அந்தப் பின்! உள்குழாய் ஓட்டையில் செருகும், விரல் தடிமனில் ஒரு இரும்புத் துண்டு. மொத்த பாரமும் அதன் மேல்தான். சங்கிலியில் தொங்கவிட்டுத் தந்தார்கள். மூன்று மாதத்தில் பாதி சங்கிலி அறுந்துவிட்டது. அப்புறம் பின் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை, ஆட்களுக்குச் சமைக்கும் அக்கா கையில் கண்டுபிடித்தேன். அடுப்புக் கரி கிளறிக்கொண்டிருந்தார்.

பின் இல்லாத ஜாக்கிக்கு எங்கள் ஆட்கள் 8 எம்.எம். கம்பியை வெட்டிச் செருகிவிட்டார்கள், என்னிடம் சொல்லாமல். ஐந்து அங்குல ஸ்லாபு, ஈரக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு முந்நூறு கிலோ. கம்பி வில்லாய் வளைந்து, அந்த இடத்தில் பிளைவுட் லேசாக இறங்கிவிட்டது. ஜாக்கி சரியாமல் போனது எங்கள் நல்ல நேரம். மற்ற கட்டடம் என்றால் பூச்சில் மறைந்திருக்கும். இங்கே கூரை பூசாமல் கான்கிரீட்டாகவே தெரிய வேண்டும் என்பது ஆர்க்கிடெக்ட் கட்டளை. இரண்டாவது வகுப்பறையின் மூலையில் இன்றும் அந்த வயிறு தொங்குகிறது. பிள்ளைகள் யாரும் கவனிப்பதில்லை. எனக்கு உள்ளே போனதும் கண் அங்கேதான்.

(பிளைவுட்டைப் பற்றி ஒரு வரி: வெட்டிய ஓரத்தில் பெயின்ட் அடியுங்கள். பனியில் ஊதி, கூரையில் கோடு விழுகிறது.)

நண்பரிடம் கடைசியில் வாடகைக்கே எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சரி, அப்படியானால் உங்களுடையதை விலைக்குத் தருவீர்களா என்றார். அதெப்படித் தருவது, நல்ல ஜாக்கி ஆச்சே. "பின் எல்லாம் இருக்குங்களா?" என்று வேறு கேட்டார். போனை வைத்துவிட்டுக் குடோனுக்குப் போய் எண்ணினேன். 200 ஜாக்கிக்கு 131.