பழைய வீட்டை விற்ற செலவை அரசு தந்தது, பாதிதான்

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தால், இருந்த வீட்டை விற்ற செலவை அரசு திருப்பித் தரும். போன வருடம் நான் அந்தப் பணத்தை வாங்கினேன். நல்ல சலுகை, தகுதி இருந்தால் விடவே விடாதீர்கள். ஆனால் வீட்டுப் பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், நான் பார்க்காமலேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

விற்ற விலையில் 10 சதவீதம் என்பது உச்சவரம்பு, அதற்குள் உண்மையில் ஆன செலவு மட்டும்தான் வரும். எனக்கு ஏஜென்ட் கமிஷன், வக்கீல் ஃபீஸ், பதிவுக் கட்டணம், பரிமாற்ற வரி எல்லாம் சேர்த்து 27,000 டாலர் ஆனது. வந்தது 13,500. ஏனென்றால் அந்த வீட்டை நானும் தம்பியும் பாதிப் பாதிப் பணம் போட்டு, இருவர் பெயரிலும் வாங்கியிருந்தோம். மனைவி பெயரோடு சேர்ந்திருந்தால் முழுத் தொகை கிடைத்திருக்கும்; சொந்தக் காலில் நிற்கும் தம்பி விதிப்படி நெருங்கிய குடும்பத்தில் சேரமாட்டான், அதனால் என் பங்குக்கு மட்டும்தான் பணம். விதி விதிதான், ஆனால் மாற்றல் ஆணை கொடுத்த அன்றே அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், யாரும் சொல்லவில்லை.

விற்பதற்காக அடித்த பெயின்ட், கூரை ரிப்பேர் எதற்கும் பணம் இல்லை. விலை இறங்கி நஷ்டப்பட்டாலும் அது நம் தலையில்தான். வீட்டை விற்று முடிக்கக் காலக்கெடு, புது இடத்தில் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 1 வருடம். காரணம் காட்டிக் கேட்டால் இன்னும் 1 வருடம்வரை நீட்டிக்கலாம். அப்புறம் வரி. வந்த பணத்தைச் சம்பளமாகக் கணக்கிட்டு 22 சதவீதம் பிடிப்பார்கள், அதை ஈடுகட்டத் தனிப் படி உண்டு. அதை வாங்கிவிட்டு அடுத்த வருடம் அந்தப் படிக்கான வரிக் கணக்கு விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுக்காமல் விட்டால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

என் மனதில் இன்னும் உறுத்துவது வேறொன்று. வாங்கியவரின் பதிவுச் செலவுக்கு நான் 6,000 டாலர் கொடுத்தேன். விற்பவர் அப்படிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கமாக இருந்தால்தான் திரும்பக் கிடைக்கும். வழக்கம் இல்லை என்று என் அலுவலகம் மறுத்துவிட்டது. அந்தப் பகுதியில் பல வருடமாக வீடு விற்றுத்தரும் இரண்டு ஏஜென்டுகளிடம் வழக்கம் உண்டு என்று எழுதி வாங்கியிருக்கிறேன். இந்த வாரம், இப்படி மறுக்கப்பட்ட மாற்றல் செலவுக் கோரிக்கைகளை விசாரிக்கும் சிவிலியன் போர்ட் ஆஃப் கான்ட்ராக்ட் அப்பீல்ஸ் என்ற வாரியத்துக்கு மனு அனுப்புகிறேன்.