சியாத்துரா, ஸ்கால்டூபோ ஒரு நாள் டூர்: அத்தையோட போயிட்டு வந்தோம்

ஈத் லீவுக்கு துபாய்ல இருந்து ஜார்ஜியா போனோம், நான், எங்க வீட்டுக்காரர், எங்ககூடவே இருக்கற அத்தை. திபிலிசி பத்தியும் கஸ்பேகி பனி பத்தியும் நிறைய பேர் எழுதிட்டாங்க, அத விட்டுடறேன். குட்டைசிங்கற ஊர்ல ரூம் போட்டு அங்கிருந்து கைடோட ஒரு நாள் போன டூர் பத்தி மட்டும் எழுதறேன், ஏன்னா போறதுக்கு முன்னாடி தமிழ்ல தேடிப் பாத்தேன், ஒண்ணுமே சிக்கல. ஸ்கால்டூபோல சோவியத் காலத்துல கட்டி இப்ப பெரும்பாலும் ஆளில்லாம கிடக்கற சானடோரியங்க (தங்கி வைத்தியம் பாத்துக்கற இடம்), அப்புறம் சியாத்துராங்கற பழைய சுரங்க ஊர், இதான் டூர். மூணு பேருக்கும் சேத்து கார், டிரைவர், இங்கிலீஷ் பேசற கைடு எல்லாம் 420 லாரி (ஜார்ஜியா காசு) ஆச்சு, மதியச் சாப்பாடு அதுல சேராது. குட்டைசில நிறைய பேர் இதே ரூட்தான் ஓட்டறாங்க, அதனால கம்பெனி பேர விட்டுட்டு ரூட்டத்தான் எழுதறேன்.

முதல்ல குறைய சொல்லிடறேன். ஒம்பது மணிக்கு வரேன்னு சொன்ன கார் ஒம்பதே முக்காலுக்குத்தான் வந்துச்சு, அந்த முக்கால் மணி நேரத்த அவங்க எங்க கழிச்சாங்கன்னா கடைசி இடமான ஸ்கால்டூபோல. நான் இந்த டூர் புக் பண்ணதே ஸ்கால்டூபோவுக்காகத்தான், அதனால எனக்கு ரொம்ப வருத்தம், கைடுகிட்டயே சொல்லிட்டேன், அவங்க சாயந்தரம் தன்னோட நேரத்துல அரை மணி கூடவே இருந்தாங்க. அவங்களுக்கு அஞ்சு ஸ்டார் குடுப்பேன், கம்பெனிக்கு மூணுதான்.

சியாத்துரா குட்டைசில இருந்து ஒண்ணரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகுது, வளைஞ்சு வளைஞ்சு போற மலை ரோடு, வாந்தி வரவங்க மாத்திரை போட்டுக்கோங்க. க்விரிலா ஆறு ஓடற ஒடுக்கமான பள்ளத்தாக்குல ஊரு, சுத்தி மலை மேல எல்லாம் மாங்கனீசு சுரங்கம். ஸ்டீல் செய்ய மாங்கனீசு வேணும்ல, அத 1879ல இங்க தோண்ட ஆரம்பிச்சாங்க. தொழிலாளிங்க தினமும் அந்தச் செங்குத்து மலைய ஏறி இறங்க முடியாதுன்னு சோவியத் அரசாங்கம் ஊரு பூரா ரோப்கார் போட்டுச்சு, முதல் பயணிகள் லைன் 1954ல. நம்ம ஊர்ல டவுன் பஸ் ஏறற மாதிரி அங்க காய்கறிப் பையோட ரோப்கார் ஏறிப் போயிருக்காங்க. பழைய தகரப் பெட்டிங்க 2021 வரைக்கும் ஓடிட்டு இருந்துச்சாம், அப்புறம் நிறுத்திட்டு புதுசு போட்டிருக்காங்க. நாங்க போனது புதுசுல, நல்லா கண்ணாடி வச்சு பயமில்லாம இருக்கு, ஆனா மேல இருந்து பாக்கறப்ப பழைய ஸ்டேஷனுங்க கம்பி தொங்கிட்டு அப்படியே நிக்குது, கீழ ஆறு தாது கழுவின தண்ணியால கருப்பா ஓடுது. இது முழுசா கைவிட்ட ஊர் கிடையாது, அத தெளிவா சொல்லிடணும். 1989ல 30,000 பேர்கிட்ட இருந்த ஊர்ல 2014 கணக்குப்படி 13,000க்கும் கீழதான், அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க. அவங்க வீட்டு ஜன்னலப் பாத்து கேமராவ நீட்டாதீங்க, தயவு செஞ்சு.

வழியில காட்ஸ்கி தூண், 40 மீட்டர் உசரத்துல ஒத்தையா நிக்கற சுண்ணாம்புப் பாறை, உச்சில ஒரு குட்டி சர்ச். மேல ஏற விடமாட்டாங்க, கீழ இருந்து பாக்கறதுதான். அழகுதான், ஆனா இருபது நிமிஷம் போதும், எங்கள அங்க ஒரு மணி நேரம் விட்டுட்டாங்க.

சாப்பாடு பத்தி சைவக்காரங்க கேப்பீங்க. அத்தை முட்டை கூட சாப்பிட மாட்டாங்க. லோபியானின்னு உள்ள பீன்ஸ் மசிச்சு வச்ச ரொட்டி, இமெருலி கச்சாபூரின்னு சீஸ் வச்சது (இந்த இமெரெட்டி பக்கத்துதான் அது), வால்நட் அரைச்சு வச்ச கத்திரிக்காய், வயிறு நிறைய சாப்பிட்டாங்க. புளிப்பு பிளம்ல செய்யற ட்கெமாலி சாஸ் கேட்டு வாங்குங்க, நம்ம நாக்குக்கு அதான் தேவாமிர்தம்.

இப்ப ஸ்கால்டூபோ. ஊர்க்காரங்க முன்னாடி ஒரு 'த்' சேத்து சொல்றாங்க, த்ஸ்காலின்னா அவங்க பாஷைல தண்ணி. பூமிக்குள்ள இருந்து 33ல இருந்து 35 டிகிரில வெதுவெதுன்னு வர, ரேடான்ங்கற வாயு கலந்த ஊத்து, சூடு பண்ணவும் வேண்டாம் ஆற வைக்கவும் வேண்டாம், நேரா தொட்டிக்குள்ள வந்து நிக்காம ஓடிட்டே இருக்கும். மூட்டு வலிக்கு இங்க ரொம்ப காலமா வராங்க. சோவியத் அரசாங்கம் நடு பார்க்குல குளியல் நிலையங்களையும், அத சுத்தி வட்டமா இருபதுக்கும் மேல சானடோரியங்களையும் கட்டுச்சு. 1936 அரசியல் சட்டத்துலயே ஓய்வு எடுக்கறது தொழிலாளியோட உரிமைன்னு எழுதி வச்சிருந்தாங்களாம். தொழிற்சங்கம் மூலமா புத்யோவ்கான்னு ஒரு சீட்டு கிடைக்கும், அத வச்சு சுரங்கத் தொழிலாளி, இரும்பாலைத் தொழிலாளி எல்லாம் வந்து வாரக்கணக்குல தங்கி வைத்தியம் பாத்துக்கலாம். 'மெட்டலுர்கி' (உலோகத் தொழிலாளி), 'ஷக்த்தியோரி' (சுரங்கத் தொழிலாளி)ன்னு கட்டடத்துக்குப் பேரே தொழிலாளிங்க பேருதான். மாஸ்கோல இருந்து நேரா ரயில் வந்திருக்கு.

இத கைடு 'மெடேயா' சானடோரியம் படிக்கட்டுல உக்காந்து சொன்னாங்க. உசந்த தூண், வளைவு, நடுவுல அகலமான படி, படி இடுக்குல எல்லாம் செடி. நம்ம பக்கம் பழைய ஜமீன் அரண்மனைக்குள்ள போனா ஒரு மாதிரி இருக்கும் பாருங்க, அந்த மாதிரி, ஆனா இது ஒரு ராஜாவுக்குக் கட்டினது இல்ல, சுரங்கத்துல மண்ணு தோண்டினவனுக்குக் கட்டினதுன்னு நினைக்கறப்ப எனக்கு தொண்டைய அடைச்சிடுச்சு. என் அப்பா மில்லுல முப்பது வருஷம் வேலை பாத்தாங்க, ஒரு நாள் கூட அப்படி ஒரு இடத்துல போய் தங்கினது கிடையாது.

உள்ள ஒண்ணுமே மிச்சம் இல்ல. மரத்தளம், ஜன்னல், பைப்பு, கம்பி எல்லாம் போயிடுச்சு. யார் எடுத்தாங்கன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாங்க. அதுக்கு கைடு சொன்னதுதான் இந்த டூர்லயே எனக்கு முக்கியமான விஷயம். சோவியத் உடைஞ்ச கொஞ்ச நாள்ல ஜார்ஜியாவுல இருந்து பிரியணும்னு அப்காசியா பகுதியில சண்டை, 1993 செப்டம்பர்ல அங்க இருக்கற சுகுமி நகரம் பிரிவினைக்காரங்க கைல விழுந்துச்சு, ரெண்டு லட்சத்துக்கும் மேல ஜார்ஜியாக்காரங்க உடுத்தின துணியோட ஓடி வந்தாங்க, அதுல ஆயிரக்கணக்கான பேர இந்த சானடோரியம் ரூமுங்கள்லதான் தங்க வச்சாங்க. கொஞ்ச நாளைக்குன்னு வந்தவங்க கால் நூற்றாண்டுக்கும் மேல இருந்துட்டாங்க. கரண்ட் இல்லாத குளிர்காலத்துல தரைல இருந்த மரத்தப் பேத்து எரிச்சுத்தான் பிள்ளைங்கள காப்பாத்தியிருக்காங்க. கடந்த சில வருஷத்துலதான் நிறைய குடும்பத்துக்கு புது ஃப்ளாட் குடுத்திருக்காங்க. ஒரு கட்டடத்து பால்கனில இன்னும் துணி காயப் போட்டிருந்துச்சு. அத்தை அதப் பாத்துட்டு "எம்மா, ஆள் இருக்காங்க, போட்டோ எடுக்காத"ன்னு என் கையப் புடிச்சாங்க. இலங்கைல இருந்து வந்தவங்க இருந்த முகாம் அத்தை ஊருக்குப் பக்கத்துல உண்டு, அது ஞாபகம் வந்திருக்கும்னு நினைக்கறேன், அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

எட்டாம் நம்பர் குளியல் நிலையத்த விட்டுடாதீங்க. வட்டமான கான்கிரீட் கட்டடம், கூரை நடுவுல பெரிய ஓட்டை, அதுக்குக் கீழ வட்டமா தொட்டிங்க, சாயந்தர வெளிச்சம் அந்த ஓட்டை வழியா இறங்கறப்ப நின்னு பாத்துட்டே இருக்கலாம். எங்களுக்கு அங்க கிடைச்சது கால் மணி நேரம்.

ஆறாம் நம்பர் இன்னும் ஓடிட்டு இருக்கு. வெளிச் சுவர்ல ஸ்டாலின் சிற்பம், உள்ள அவருக்குன்னே மொசைக் வச்சு கட்டின தனிக் குளியலறை இருக்கு, காட்டறாங்க. அத்தைக்கு டிக்கெட் எடுத்தோம். பிபி இருக்கான்னு கேட்டுட்டு, பதினஞ்சு நிமிஷம்தான், அதுக்கு மேல கூடாதுன்னு அங்க இருந்த அம்மா கையக் காட்டி சொல்லி கூட்டிட்டுப் போனாங்க. பாஷை தெரியாத ரெண்டு பேரும் கை கோத்துட்டு வெளிய வந்தாங்க. "குற்றாலத்துல தலைல அடிக்கும், இது தாய் மடி மாதிரி இருக்கு"ன்னாங்க அத்தை. அத்தையோட கால் வலி போயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு நாள் குளிச்சு அது போகாது, ஆனா அன்னிக்கு ராத்திரி கால் அமுக்கச் சொல்லல.

போறவங்களுக்கு, கெட்டியான ஷூ கண்டிப்பா வேணும், தரைல ஓட்டை, உடைஞ்ச கண்ணாடி, கதவில்லாத லிஃப்ட் குழி எல்லாம் இருக்கு, சின்னப் பிள்ளைங்கள மாடிக்கு கூட்டிட்டுப் போகாதீங்க. அத்தைய நாங்க கீழ்த்தளத்தோட நிறுத்திட்டோம். சில கட்டடத்த வித்து வேலி போட்டுட்டாங்க, எது திறந்திருக்குன்னு கைடுக்குத்தான் தெரியும், வேலி தாண்டாதீங்க. சியாத்துராவையும் ஸ்கால்டூபோவையும் ஒரே நாள்ல திணிக்காம தனித்தனியா புக் பண்ணுங்க, ஸ்கால்டூபோ குட்டைசில இருந்து பத்து கிலோமீட்டர்தான், காலைலயே போயிடலாம். குளியலுக்கு மாத்துத் துணியும் துண்டும் நீங்களே எடுத்துட்டுப் போங்க, நாங்க எடுத்துட்டுப் போகல, அந்த அம்மாதான் தன்னோட துண்டக் குடுத்தாங்க.