ஆபரேஷன் ஆன கிரேஹவுண்டுக்கு எந்தக் காலர் வாங்கலாம்?

தையல் போட்ட இடத்தை நாய் நக்காமல் இருக்க, கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பெட் ஷாப்களில் பொதுவாக மூன்று பொருள்கள் கிடைக்கும்: பிளாஸ்டிக் கூம்பு, காற்று அடிக்கும் வட்டக் காலர், துணிச்சட்டை. லேப்ரடாருக்கு மூன்றுமே ஓரளவு உதவும். ஒல்லியான ஓட்டப்பந்தய நாயான கிரேஹவுண்டின் உடல்வாகுக்கு இவற்றில் ஒன்றுதான் முழுதாகச் சரிப்படும்: உள்ளிருந்து வெளியே தெரியும், ஆழமான பிளாஸ்டிக் கூம்பு. அதே உடல்வாகுள்ள நம் நாட்டு நாய்களான சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கும் இதே யோசனைதான்.

கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது காற்றுக் காலரைத்தான். மெத்தென்று இருக்கும், தலையணை மாதிரி நாய் அதன்மேல் சாய்ந்து படுக்கும். ஆனால் கிரேஹவுண்டுக்குக் கழுத்தும் நீளம், மூஞ்சியும் நீளம், முதுகு வில்லாக வளையும். பின்னங்கால், வால், விதை எடுத்த தையல் எல்லாம் காலரைத் தாண்டி வாய்க்கு எட்டிவிடும். முன்னங்கால் பாதம் அதைவிடச் சுலபம். விலாவின் முன்பகுதியில் சின்னக் கட்டி எடுத்திருந்தால் மட்டும் வாங்கலாம்.

கூம்பு வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் சைஸ் எண்ணைப் பார்த்து எடுக்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். காலர் கட்டும் இடத்திலிருந்து மூக்கு நுனிவரை டேப் வைத்து அளந்து, அதற்குமேல் 5 செ.மீ. கூடுதலாக ஆழம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இனத்தில் கூம்பு தோற்றுப்போவது கழுத்துப் பட்டையில்தான். தலை ஒடுக்கம், கழுத்தோ தலைக்குச் சமமான பருமன். காதைப் பின்னால் மடித்து ஒரு உதறு உதறினால் கூம்பு தரையில் கிடக்கும். உடன் வரும் மெல்லிய பட்டையை ஒதுக்கிவிட்டு, உள்வளையங்களில் ஒரு அங்குல அகலப் பருத்தி நாடாவைக் கோத்து, காதுக்குப் பின்னால் நன்றாக மேலே, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கட்டுங்கள். இன்னொரு நாடாவைக் கீழ் வளையத்திலிருந்து நெஞ்சு வழியாகக் கொண்டுபோய், முன்னங்கால்களுக்குப் பின்னால் சுற்றி முதுகில் முடிச்சுப் போட்டால் கழற்ற முடியாது. தோல் மிக மெல்லியது என்பதால் பிளாஸ்டிக் விளிம்பு ஒரே ராத்திரியில் கழுத்தை அறுத்துச் சிவப்பாக்கிவிடும். ஏசி மெக்கானிக் கடையில் செம்புக் குழாய்க்கு மாட்டும் கருப்பு ஃபோம் குழாய் அரை மீட்டர் வாங்கி, நீளவாட்டில் கீறி விளிம்பில் செருகுங்கள்; கம்பெனி கொடுக்கும் துணி பார்டரைவிட நன்றாக உழைக்கும். தண்ணீர்க் கிண்ணம் கூம்பின் வாயைவிடச் சிறியதாக, கவிழ்த்த பக்கெட் மேல் இருக்கட்டும்.

கூம்பை எப்போது மாட்டுவது என்பதும் முக்கியம். தலையைத் தானே தூக்கிப் பிடிக்கும் நிலை வந்த பிறகுதான். அரை மயக்கத்தில் கூம்பின் கனம் கழுத்தை மடக்கினால் மூச்சுக்குழல் அடைபடும். கிரேஹவுண்ட் எழ எவ்வளவு நேரமாகும் என்பது எந்த மருந்து போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. தையோபென்டோன் என்ற மயக்க மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதி இந்த இனத்தில் குறைவாக வேலை செய்யும், மருந்தை வாங்கிக்கொள்ளும் கொழுப்பும் உடம்பில் சொற்பம். மற்ற நாய் சில மணி நேரத்தில் நடக்கும்போது இது நாள் முழுக்கத் தள்ளாடும். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் "தையோபென்டோன் வேண்டாம், புரோபோஃபாலும் ஐசோஃப்ளூரேனும் முடியுமா சார்?" என்று கேட்டுவிடுங்கள்; இவை இரண்டும் வேறு மயக்க மருந்துகள். புரோபோஃபாலிலும் கொஞ்சம் மெதுவாகத்தான் தெளியும், ஆனால் ஆபத்தான தாமதம் இல்லை. ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு விகிதம் 55, 60 சதவீதம் என்று வந்தால் நீர்ச்சத்து குறைவு என்று உடனே முடிவுகட்டக் கூடாது, இந்த இனத்துக்கு அது இயல்பு. ரத்தம் உறைய உதவும் தட்டணு சற்றுக் குறைவாக வருவதும் அப்படியே. இதையும் டாக்டரிடம் நினைவூட்டுங்கள்.

கொழுப்பில்லாத உடம்பு மேஜையிலேயே சூட்டை இழந்துவிடும். மார்கழி ராத்திரியில் ஓசூரிலிருந்து வண்டியில் கூட்டி வருவதென்றால் கம்பளி கையோடு இருக்கட்டும். ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே காட்டினால் போர்த்துங்கள், 99-க்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். வெந்நீர் பாட்டிலைத் தோலில் நேராக வைக்காதீர்கள், மயக்கத்தில் இருக்கும் நாய் சுட்டாலும் நகராது.

காலர் மிகவும் தேவைப்படுவது இரண்டாம் நாள். காயம் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் கழற்றிவிடுவதும் அன்றைக்குத்தான். கிரேஹவுண்டின் உடம்பு ரத்தக்கட்டை வழக்கத்தைவிட வேகமாகக் கரைத்துவிடும். கருத்தடை செய்தவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு 36 முதல் 48 மணி நேரத்தில் மறுபடியும் கசிவு ஆரம்பிக்கும். தையலைச் சுற்றி ஊதா நிறம் பரவும், தொடையும் கணுக்காலும் வீங்கும். அந்த நேரத்தில் நாக்கும் பட்டால் தையல் நிற்காது. ரத்தக்கட்டு கரைவதைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் முன்கூட்டியே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஈறு வெளுத்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அவற்றைத் தொடவே கூடாது.

துணிச்சட்டை வயிற்றுத் தையலுக்கு உதவும், காலுக்கு உதவாது. ஆண் நாய்க்கு சிறுநீர் பட்டு ஈரம் தையலில் தங்கும். சித்திரை வெயிலில், தருமபுரி பக்கத்து சிமென்ட் ஷீட் வீட்டில், பகலில் போட்டால் உடம்பு கொதிக்கும். ராத்திரி மட்டும் போடலாம், அக்குளில் உரசுகிறதா என்று காலையில் பாருங்கள்.

இவை எதுவும் இல்லை என்று தோல் வாய்ப்பூட்டை மாட்டச் சொல்லும் கடையும் உண்டு. வாயை மூடிவிட்டால் நாயால் மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்க முடியாது. மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம்விடும் கூடை வகை கிடைத்தால், அதுவும் நுனி அடைத்ததாக இருந்தால், 10 முதல் 14 நாளில் தையல் பிரிக்கும்வரை கூம்புக்கு மாற்றாக வைத்துக்கொள்ளலாம்.