ரெனசான்ஸ் வாக்ஸ்: பழந்துப்பாக்கியில் எங்கே பூசலாம், எங்கே பூசக்கூடாது

பழந்துப்பாக்கி சேகரிப்பவர்கள் நடுவே இந்தச் சின்ன டப்பாவுக்குப் பெரிய பெயர். 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில், அருங்காட்சியகப் பொருட்களுக்கென்றே உருவாக்கப்பட்ட மெழுகு இது. அதற்கு முன் புழங்கிய தேன்மெழுகு, கார்னௌபா மெழுகு வகைகளில் காலப்போக்கில் அமிலத்தன்மை வந்துவிடும் என்ற கவலை இருந்தது. அதனால் பெட்ரோலியத்திலிருந்து பிரிக்கும் நுண்படிக மெழுகை வொயிட் ஸ்பிரிட் என்ற பெயின்ட் கரைப்பானில் குழைத்தார்கள். டப்பாவைத் திறந்தால் வெண்ணெய் போன்ற வெள்ளைப் பேஸ்ட், பெயின்ட் தின்னர் வாசம்.

துப்பாக்கியின் வெளிப்புற இரும்புக்கும் பித்தளைக்கும் அருமையான பூச்சு. குழலின் உள்ளேயும், லாக் எனப்படும் சுடும் பொறியின் உட்புறத்திலும் இதற்கு வேலையே இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பூசிவிட்டுத்தான் பலர் மெழுகைக் குறை சொல்கிறார்கள்.

டப்பாவைத் திறக்குமுன் ஒரு வேலை பாக்கி. குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில் நூறு வருடத்துக்கு முன் போட்ட வெடிமருந்தும் குண்டும் இன்னும் உள்ளேயே இருப்பது அபூர்வமல்ல. ஈரம் படாத கருமருந்து (பழைய கரி வெடிமருந்து) எத்தனை காலமானாலும் பற்றும். குழல் வாய்க்கு நேரே நிற்காமல், ஒரு மரக்குச்சியை அடிவரை விட்டு, வாய் விளிம்பில் அடையாளம் வையுங்கள். அதே குச்சியைக் குழலின் வெளியே வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, நெருப்பு உள்ளே போகும் துளைக்குக் கிட்டத்தட்ட நேராக வர வேண்டும். ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. சூடாக்குவது, தட்டுவது எதுவும் கூடாது. தெரிந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

எண்ணெயை விட்டு மெழுகுக்கு ஏன் போக வேண்டும்? எண்ணெய் நின்ற இடத்தில் நிற்காது. துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால் மெல்ல வழிந்து, லாக் உட்காரும் மரக்குழியில் ஊறும். அந்த மரம் கறுத்து, பஞ்சுபோல நைந்து, திருகாணி பிடிக்காமல் போகும். தூசியையும் எண்ணெய் இழுத்துப் பிடிக்கும். மெழுகு பூசிய இடத்திலேயே காய்ந்து நிற்கும், கை பட்டாலும் விரல் வியர்வையின் உப்பை இரும்பில் சேரவிடாது. எடுத்துப் பார்த்துக் காட்டும் துப்பாக்கிக்கு இது பெரிய வசதி.

ஆனால் மெழுகு துருவை ஆற்றாது. செம்மஞ்சளாக, விரலில் பொடி ஒட்டும் துரு இருந்தால் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் மேல் பூசினால் சில வாரங்களில் மெழுகுக்கடியில் ஆரஞ்சுப் புள்ளிகள் கிளம்பும். குழலைத் தனியே கழற்ற முடிந்தால், காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிடுவது நல்ல வழி. செந்துரு மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறிவிடும். பிறகு 0000 என்ற மிக நைசான கம்பிப் பஞ்சால் மெதுவாக இழுத்தால் தளர்ந்த கரி மட்டும் வரும். கெட்டியான பழுப்புப் படலத்தைத் தொடாதீர்கள். எமரி தாளால் பளபளப்பாக்கிய குழலின் மதிப்பு அன்றோடு போயிற்று.

உதாரணத்துக்கு 1853 பேட்டர்ன் என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம்: 0.577 அங்குலக் குழல்வாய், 39 அங்குலக் குழல், குழலை மரத்தோடு பிடிக்கும் மூன்று வளையங்கள். துரு அதிகம் பதுங்குவது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அல்ல. குழலின் அடிப்பக்கம் மரத்தோடு ஒட்டும் நீளம் முழுக்கவும், வளையங்களுக்கு அடியிலும்தான். அவற்றைக் கழற்றாமல் மேலே மட்டும் மெழுகு பூசுவது பாதி வேலை. லாக்கின் வெளித்தகடான லாக் பிளேட்டில் கிரீடமும் ‘டவர்’ என்ற எழுத்தும் ஆண்டும் பொறித்த துப்பாக்கிகளில் இன்னொரு தொல்லை உண்டு. எழுத்துக் குழிகளில் மெழுகு தங்கி வெள்ளையாகக் காய்ந்துவிடும். பூசிய கையோடு மென்மையான பல்துலக்கும் பிரஷால் குழிகளைத் துலக்கிவிட வேண்டும். காய்ந்துபோனால் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வொயிட் ஸ்பிரிட் தொட்டு எடுக்கலாம்.

பூசும் முறை எளிது, அவசரம்தான் கெடுக்கும். முதலில் எண்ணெய்ப் பசை முழுவதும் போக வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் மெழுகு காயாமல் இழுவிக்கொண்டே இருக்கும். தனியே கழற்றிய இரும்புக்கு அசிட்டோன் போதும். மரத்தில் மாட்டியபடி இருந்தால் அசிட்டோன் வேண்டாம், பழைய வார்னிஷையும் ஷெல்லாக்கையும் கரைத்துவிடும். பிறகு ஹேர் டிரையரால் கைக்கு இளஞ்சூடாகும் வரை சூடாக்கினால் நுண்துளை ஈரம் போகும். டிரையரை அணைத்துத் தள்ளி வைத்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். வொயிட் ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும். கையுறை போட்டு, நூல் உதிராத துணியில் பட்டாணி அளவு எடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் மெல்லிசாகத் தேய்த்து, ஓரிரு நிமிடத்தில் வேறு சுத்தமான துணியால் மெருகேற்ற வேண்டும். முழுக் குழலையும் பூசிவிட்டு அப்புறம் துடைக்கலாம் என்று விட்டால் திட்டுத் திட்டாக இறுகிவிடும். இரண்டாவது கோட் மறுநாள், அழுத்தாமல். அழுத்தினால் புதுக் கோட்டின் ஸ்பிரிட் பழையதைக் கரைத்துக்கொண்டு வரும்.

மரக்கட்டைக்குப் பூசலாமா என்றால், பழைய எண்ணெய் மெருகு நன்றாக நிற்கும் வால்நட் கட்டைக்குப் பூசலாம். வெடிப்பிலும் வரிவெட்டுப் பிடியிலும் வெள்ளை தங்கும், அந்த இடங்களை விட்டுவிடுவது நல்லது. கட்டையில் கம்பிப் பஞ்சு வேண்டவே வேண்டாம். அதன் துணுக்குகள் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புப் புள்ளியாகிவிடும். வெண்கலப் பஞ்சு அப்படிக் கறுக்காது.

சுடும் துப்பாக்கி என்றால் கணக்கு வேறு. கருமருந்து எரிந்தபின் மிஞ்சும் பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தால் குளோரைடும் சேரும். இவை தண்ணீரில்தான் கரையும். எண்ணெயோ மெழுகோ மூடி மறைக்குமே தவிர அகற்றாது. சுட்ட அன்றே குழலை வெந்நீரில் கழுவி, உலர்த்தி, உள்ளே எண்ணெய் விட வேண்டும். மெழுகைக் குழலின் உள்ளே விட்டால் அடுத்த முறை சுடும்போது கரியோடு சேர்ந்து தார் போல ஒட்டும். லாக்கின் ஸ்பிரிங்கும் அசையும் பாகங்களும் எண்ணெய்க்கே உரியவை. வெளிப்புறத்தில் மட்டும் மெழுகு இருந்தால் கரிப் புகை ஈரத் துணிக்கே வந்துவிடும், அங்கே அது உண்மையான உதவி. கேப்பு மாட்டும் நிப்பிளைச் சுற்றியும் சக்கிமுக்கித் துப்பாக்கியின் மருந்துக் கிண்ணத்திலும் பூசக்கூடாது.

டப்பா நீண்ட நாள் வரும், ஒரு குழலுக்குச் செலவாகும் அளவு அவ்வளவு குறைவு. மூடியை இறுக்காமல் விட்டால்தான் வீண்: ஸ்பிரிட் ஆவியாகிப் பேஸ்ட் கட்டியாகிவிடும். அப்போது நெருப்பில் காட்டாமல், கொஞ்சம் வொயிட் ஸ்பிரிட் விட்டு, மூடியைத் தளர்த்தி, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் டப்பாவை நிறுத்தினால் மீண்டும் குழையும்.